கடன் வாங்கிக் கழித்தல்

ஆடி மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் கால் சும்மா இருக்காது. சிவனையும் பெருமாளையும் ஒரே உருவத்தில் பார்த்தே தீருவேன் என்று கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் இந்தச் சங்கரன்கோவில். அம்மன் கால் வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்வோமே என்று ஜனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். 11, 51, 108 என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்கு.

போன வருஷ ஆடியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். என் அம்மா, வயசு 66. நான், வயசு 36. என் மகள், வயசு 8, மூன்றாம் வகுப்பு. அம்மா 108-க்கு நேர்ந்திருந்தாள். "இன்னைக்கு 21 போதும், மிச்சத்தை அடுத்தடுத்த நாள்ல பாத்துக்கிடலாம்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

நாலாவது சுற்றில் மகள், "கால் வலிக்குதுப்பா" என்று உட்கார்ந்துவிட்டாள். பெண் குழந்தையைக் கூட்டத்தில் தனியாக விடக்கூடாது என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். (எனக்கு மூச்சு வாங்கியது தனி விஷயம்.) அம்மா மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது ஒரு பார்வை. பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

21-ஐ முடித்து வந்தவள், "எந்திரிங்க, போற வழியில காய் வாங்கணும்" என்றாள்.

மகள் என் காதில் கேட்டாள்: "ஆச்சிக்கு மட்டும் எப்படிப்பா கால் வலிக்கல?"

நான் பி.காம். ஊரில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவன். பழைய சாமானுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வர வேண்டும், கடைசியில் அதன் மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பழைய சாமான் ஓடுகிறது, புதுச் சாமான் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று அன்றைக்கே ஒரு சந்தேகம்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை, மகளின் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு என்று அழகாகப் போட்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது.

"இன்னைக்கு பி.டி. பீரியடுல என்ன விளையாண்டீங்க?"

"கழித்தல்."

"அது என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்லப்பா, கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல். டீச்சர் அந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கிட்டாங்க."

புரிகிறதா உங்களுக்கு? 42-ல் 17-ஐக் கழிக்க, பக்கத்து இலக்கத்திடம் ஒன்று கடன் வாங்குவோமே, அந்தப் பாடம். பக்கத்துப் பீரியடைக் கடன் வாங்கி, கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! செயல்முறைக் கல்வி என்றால் இதுதான் செயல்முறைக் கல்வி.

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா விடவில்லை. ஒரு பழைய டைரியை எடுத்து மகளின் பி.டி. பீரியடுக்கு ஒரு பேரேடு திறந்தேன். பத்து வாரம், 20 பீரியடு. செலவான விவரம் வருமாறு: கணக்குப் பாடம் 7. தமிழ் டிக்டேஷன் 3. டீச்சர் பேப்பர் திருத்த, பிள்ளைகள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தது 3. டீச்சருக்கு மீட்டிங் 2. மழை 1. வளாகத்தில் குப்பை பொறுக்கியது 1. லீவு 1. விளையாட்டு 2.

ஆக, 20-க்கு 2. பத்து சதவீதம். திருப்பிக் கொடுத்த கடன் ஒன்றுகூட இல்லை. பாங்கியில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் வாராக்கடன் என்று எழுதிவிட்டு மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லை. 2022 டிசம்பரில் தமிழக விளையாட்டுத் துறை அமைச்சரான உதயநிதி ஸ்டாலினே பிறகு ஒரு மேடையில், விளையாட்டுப் பீரியடைத் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் கடன் கொடுத்து ஏமாந்தவர்கள்தானே!

அது போகட்டும். உருப்படியாகக் கிடைத்த அந்த 2 பீரியடில் என்ன நடந்தது என்று மகளைக் கேட்டேன். மூன்று, நாலு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து வெளியே விட்டார்களாம். மொத்தம் 48 பிள்ளைகள். பந்து ஒன்று. அதை அஞ்சாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் 44 பேர் சுவரோரம்.

"நீ என்னம்மா பண்ணின?"

"செருப்பு பாத்துக்கிட்டேன்பா. எல்லாரும் எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது பரம்பரை உத்தியோகம்.

*

நான் படித்த காலத்திலும் இதே கதைதான். இரண்டு கேப்டன்கள் நிற்பார்கள். ஆளுக்கு ஒருத்தனாகக் கூப்பிட்டுக் கட்சி பிரிப்பார்கள். கடைசியில் நான் மட்டும் நடுவில் நிற்பேன். "நீ வச்சுக்கோலே", "ஏ, நீயே வச்சுக்கோ" என்று இரண்டு பேரும் என்னைத் தானம் செய்யப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு நல்ல மனசுக்காரன் சமரசம் செய்வான்: "அவன் செருப்பு பாக்கட்டும்."

எனக்கு விளையாட்டு வராது என்று ஒன்பது வயசில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது யார்? இன்னொரு ஒன்பது வயசுக்காரன். அப்பீல் கிடையாது. அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் 36 வயசில் நாலாவது சுற்றில் உட்கார்ந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 'ழ' எழுத வரவில்லை என்று வையுங்கள். "உனக்குத் தமிழ் வராது, நீ போய் செருப்பைப் பாத்துக்கோ" என்று யாராவது சொல்வார்களா? கையைப் பிடித்து நூறு தடவை எழுத வைப்பார்கள். ஓட வரவில்லை, பந்து பிடிக்க வரவில்லை என்றால் மட்டும் அது பிறவிக் குணம், மாற்ற முடியாது என்று எப்படி முடிவு கட்டுகிறோம்?

*

பேரேட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சண்டை போடும் உத்தேசத்தோடுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு.

"சார், அஞ்சு கிளாசுக்கு நாங்க மூணு பேரு. இதுல பி.டி. டீச்சருக்கு எங்க போக?"

"கவர்மெண்ட் போடாதா டீச்சர்?"

"சட்டத்துலயே கிடையாதே சார்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை, பிள்ளைகள் 60 பேர் வரைக்கும் 2 ஆசிரியர்; 61 முதல் 90 வரை 3; 91 முதல் 120 வரை 4. அவ்வளவுதான். உடற்கல்வி என்ற பேச்சு ஆறு முதல் எட்டு வகுப்புக்குத்தான் வருகிறது. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதி நேரமாக ஒருவர். தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், தையல் போன்ற பாடங்களோடு உடற்கல்விக்கும் சேர்த்துப் பகுதி நேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்களே, அது இந்தக் கணக்கில்தான்.

வேடிக்கை என்னவென்றால் அதே அட்டவணையில் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுச் சாமான் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மைதானம் உண்டு, பந்து உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் மட்டும் கிடையாது. அடுப்பும் அரிசியும் கொடுத்து, சமையல்காரர் வேலையை மட்டும் ஒழித்த மாதிரி!

மைதானமும் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்றால், செங்கோட்டை தாண்டிக் கேரளாவைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவே சொல்லலாம் என்கிற அளவுக்குக் காட்டமாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்கு கிளம்பியது ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி மைதானத்திலிருந்து.

நான் கிளம்பும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் என்னை அப்படியே உட்கார வைத்தது.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா சார்? பிள்ளைக்குக் கழித்தல் வரலேன்னா மறுநாளே அப்பா, அம்மா ரெண்டு பேரும் வந்து நிக்காங்க. எம் பிள்ளைக்கு ஓட வரலேன்னு இத்தனை வருஷ சர்வீசுல யாரும் வந்து கேட்டதில்ல. நீங்கதான் முதல் ஆளு."

ஆக, பீரியடைக் கடன் வாங்கியது அவர்கள். ஆனால், கேட்காமலே தூக்கிக் கொடுத்தது நாம். பேரேட்டை மெதுவாகப் பைக்குள் தள்ளினேன்.

*

தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே சாயங்காலம் வந்து உட்காருவார் ஒரு பெரியவர். ரிட்டையர்டு பி.டி. மாஸ்டர். ஆறாம் வகுப்பில் எனக்கு அவர்தான். ஊரில் பழைய ஆட்களுக்கு அவர் இன்னும் 'டிரில் மாஸ்டர்'. வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடங்களில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை வைத்து லெஃப்ட் ரைட் போட வைத்தார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகுதான், இது சிப்பாய் வேலை இல்லை, முறையாகப் படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் என்று ஆனது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை மேனேஜராகக் கூட்டிப்போனவரும் அவர்தான். நூறு வருஷத்துக்கு முன்பே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. அந்த ஆசிரியர் இன்னும் ஆரம்பப் பள்ளி வாசலுக்கு வந்து சேரவில்லை.

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏல, நீ அந்தச் செருப்புக்குக் காவல் இருந்த பயதானே?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறாப்புல நீ எங்கிட்ட வரும்போதே காரியம் முடிஞ்சுபோச்சுல. அஞ்சு வருஷமா பூட்டி வச்ச சைக்கிளைக் கொண்டாந்து ரேஸுக்கு விடுங்கான். துரு புடிச்சதுக்கு நானா பொறுப்பு? சின்னப் பிள்ளையில பழக்கணும்ல!"

"என்ன மாஸ்டர் பழக்கணும்?"

டம்ளரை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "மொதல்ல விழப் பழக்கணும். விழத் தெரியாத பிள்ளை பயந்துக்கிட்டே ஓடும். கையை ஊணி விழுந்தா மணிக்கட்டு போயிரும், உருண்டு விழணும். ரெண்டாவது, ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிக்கப் பழக்கணும். மூணாவது எறியுறது. வலக்கையால எறிஞ்சா இடக்கால் முன்னால வரணும், இதை எவனாவது உனக்குச் சொன்னானா? நாலாவது பிடிக்கது. எடுத்ததும் கிரிக்கெட் பந்தைக் கொடுத்தா பிள்ளை கண்ணை மூடிக்கிடும். பெரிய பந்து, மெத்துன்னு இருக்கணும். அப்புறம் குதிக்கது, நொண்டியடிக்கது, ஒத்தைக் கால்ல நிக்கது. இதெல்லாம் ஒடம்புக்கு அனா ஆவன்னா. கபடி, ஹாக்கியெல்லாம் அதுக்கப்புறம் வர்ற செய்யுள். அனா ஆவன்னா இல்லாமச் செய்யுள் எங்கேருந்து வரும்?"

நான் கிளம்பப் பார்த்தேன். விடவில்லை.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. அம்பது பிள்ளைக்கு ஒரு பந்தைக் கொடுத்து வரிசையில நிக்க வச்சா அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல, ரேஷன் கடை. அவுட்டானவனை உக்காரச் சொல்லுதான் பாத்தியா, அதுதான் பெரிய பாவம். யாரு மொத அவுட்டாவான்? வராதவன். அவனுக்குத்தானேல அதிக நேரம் விளையாட்டு வேணும்? அவனைப் போய் உக்கார வைக்கான்!"

27 வருஷமாக எனக்கு யாரும் தராத நியாயம், ஒரு டீ விலையில் கிடைத்தது.

*

மாஸ்டர் சொன்னதற்கு வெளியில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடினேன். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிடமாவது உடம்பு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலு சேர்க்கிற ஓட்டம், குதியல் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது பத்து வாரத்துக்கு 2 பீரியடு. அதிலும் செருப்புக் காவல்!

கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெட்டவெளியில் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. 2015-ல் வெளியான ஆய்வு இது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. வெயில்தான். அது நம்மூரில் இலவசம், வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

'எல்லாம் சரி, படிப்பு கெட்டுப்போகாதா?' என்பீர்கள். 2010-ல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி., இது பற்றி நடந்த 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியதால் மார்க் குறைந்ததாகத் தெரியவில்லை, சிலவற்றில் கூடத்தான் செய்திருக்கிறது என்பது அதன் முடிவு. ஆக, கடன் வாங்கிய கணக்குப் பீரியடில் லாபமும் பெரிதாக இல்லை.

*

சரி, ஆள் இல்லை, பந்து இல்லை, என்ன செய்ய? விடை எங்கள் ஊரிலேயே இருந்தது.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1902-ல் எங்கள் சங்கரன்கோவிலில் பிறந்தவர். சொல்லாராய்ச்சிப் பெரியவர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்த அந்த மனிதர், 1954-ல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்றே ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பையன்கள் ஆடுவது, பெண் பிள்ளைகள் ஆடுவது, இருவரும் சேர்ந்து ஆடுவது, பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று ரகம் பிரித்து, எப்படி ஆட வேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறார். கோலி, சடுகுடு, பச்சைக் குதிரை, கிளித்தட்டு... முக்கால்வாசி ஆட்டத்துக்கு வேண்டியது ஒரு கோடு, ஒரு கல், கொஞ்சம் மண். பட்ஜெட் ஒதுக்கீடு தேவையே இல்லை.

என் அம்மாவிடம் புத்தக விஷயத்தைச் சொன்னேன். "இதுக்குப் போயி ஒரு புஸ்தகமா?" என்று ஆச்சரியப்பட்டாள். "நாங்க பள்ளிக்கூடம் விட்டா தெரு, தெரு விட்டா குளத்தங்கரை. வீட்டுல தேடி வந்து முடியைப் புடிச்சு இழுத்துட்டுப் போற வரைக்கும் பாண்டியும் நொண்டியும்தான்." அந்த 21 சுற்றின் ரகசியம் இப்போது விளங்கியது. தெருதான் அவளுக்குப் பி.டி. மாஸ்டர். நம் பிள்ளைகளின் தெருவை நாம் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடத்து மண்தான். அங்கேயும் கழித்தல் நடந்தால் பிள்ளை எங்கே போகும்?

பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்வதில் நம் மாநிலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்ட, ஓட விட வேண்டாமா? அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க ஒரு திட்டமும் வேண்டாம். கடன் வாங்காமல் இருந்தாலே போதும்.

*

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? அதே கல்வி உரிமைச் சட்டப்படி, அதில் முக்கால் பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பேரேட்டை வாசித்தேன்.

ஒரு தகப்பனார், "விழுந்து கை ஒடிஞ்சா யார் பொறுப்பு?" என்றார். "அதனாலதான் விழச் சொல்லிக்கொடுக்கணும்னு சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். இன்னொருத்தர் படிப்பு கெடும் என்றார். அமெரிக்காவைக் காட்டினேன். அதற்குள் பின்னால் ஓர் அம்மா எழுந்து, "எம் பையன் செல்போனை விட்டு எறங்கவே மாட்டேங்கான். விளையாட விடுங்க டீச்சர், ராத்திரி ஒழுங்காத் தூங்கவாவது செய்வான்" என்றார். சி.டி.சி.-யால் முடியாததை அந்த அம்மா சாதித்துவிட்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தார். "வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இனிமே யாரும் தொட மாட்டோம். ஆனா ஒரு கண்டிஷன். ஆறு வாரத்துக்கு நீங்க வந்து டீச்சர்கூட நிக்கணும்."

செருப்புக் காவலனுக்குக் கேப்டன் பதவி! யாருக்குக் கிடைக்கும்?

அம்மா தறிக்காரர் வீட்டிலிருந்து கழிவு நூல் வாங்கிவந்து பழைய சேலையில் திணித்து 12 துணிப் பந்து தைத்துக் கொடுத்தாள். 48 பிள்ளைக்கு 12 பந்து. நாலு பேருக்கு ஒன்று. மாஸ்டர் ஒரு நாள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதட்டினார். முதல் வாரம் விழுந்தோம். (நானும்தான். எழுந்திருக்க எனக்குக் கொஞ்சம் நேரமானது.) இரண்டாம் வாரம் எறிந்தோம். நாலாம் வாரம் சாக்பீஸில் கோடு போட்டுக் கிளித்தட்டு. மாட்டினால் உட்கார வேண்டாம், முதல் கோட்டுக்குப் போய் மறுபடி ஆரம்பி என்று ஒரே ஒரு சட்டத் திருத்தம்.

என் மகள் மூன்றாவது கோட்டில் தடுக்கி விழுந்தாள். நான் பதறி எழுந்தேன். அதற்குள் அவள் உருண்டு, எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராத்திரி கேட்டேன்: "யாரும்மா ஜெயிச்சா?"

"தெரியலப்பா. மணி அடிச்சிருச்சு."

ஆபீசில் லிஃப்ட் ரிப்பேர் என்றால் லீவு போடலாமா என்று யோசிக்கிற நண்பர்களே, நீங்களும் நானும் அந்தப் பழைய வாராக்கடனின் வட்டியைத்தான் இப்போது மூச்சு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம், பிள்ளை இல்லாதவர்கள் அக்கா பிள்ளையிடம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பி.டி. பீரியடுல இன்னைக்கு என்ன விளையாண்டே?" 'கழித்தல்' என்று பதில் வந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். சண்டைக்கு வேண்டாம். கேட்டுவிட்டு வந்தாலே போதும், அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கிளித்தட்டு நாளில் 48 பேரும் ஆடப் போய்விட்டதால் செருப்புக்குக் காவல் இருக்க ஆளே இல்லை. பழைய உத்தியோகப் பற்று விடுமா? மணி அடித்ததும் எண்ணிப் பார்த்தேன். 48 ஜோடியும் அப்படியே இருந்தது.